சாவி யார் கையில்? – புல்ககோவின் ‘மார்ஃபின்’ கதை பற்றி ஒரு நோக்கு

சில மாதங்களுக்கு முன்னர், மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நான் அமர்ந்திருந்தபோது, பழைய மாணவர் ஒருவரின் தந்தை என்னருகே வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஹஜ்ரத், பையனை அழைத்து வந்துவிடலாமா?” என்று கேட்டார். வலிமாத்திரையில் தொடங்கி ஊசி வரை சென்றுவிட்ட மகனை, தொண்ணூறு நாள் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம் ஒன்றில் சேர்த்திருந்தார். அன்று இருபத்திரண்டாம் நாள். தொலைபேசியில் மகன் அழுதிருக்கிறான். “அத்தா, எனக்கு நன்றாகிவிட்டது. இனி வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்” என்றானாம். அவனுடைய உம்மா அன்று முதல் சோறு உண்ணவில்லை.

நான் மருத்துவன் அல்லன். கிதாபும் தமிழ் ஏடும் ஓதிக்கொடுத்துக் காலம் கழிப்பவன். உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன சொல்லை எங்கோ படித்திருக்கிறோமே என்ற நினைவு மட்டும் உள்ளத்தை உறுத்தியது. வீடு திரும்பி அலமாரியைத் துழாவியபோது அது கையில் அகப்பட்டது. மிகயீல் புல்ககோவ் என்னும் ருசிய எழுத்தாளர் எழுதிய ‘மார்ஃபின்’ என்ற நெடுங்கதையே அது. அன்றிரவு மீண்டும் படித்தேன். அதன் பயனாக எழுந்த எண்ணங்களை இங்கே வாசகர் முன் வைக்கிறேன்.

புல்ககோவ் 1891 இல் கீவ் நகரில் பிறந்தவர். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1916 இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். எழுத்தாளராவதற்கு முன்னர் ஸ்மொலென்ஸ்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தனி மருத்துவராகப் பணி செய்தார். ‘மார்ஃபின்’ 1927 இல், மருத்துவப் பணியாளர்க்கென மாஸ்கோவில் வெளிவந்த இதழொன்றில் அச்சாயிற்று. இலக்கிய அன்பர்க்கு மட்டுமன்றி, மருந்துப் பெட்டியின் சாவியைத் தினமும் கையில் வைத்திருந்தவர்களுக்கும் எழுதப்பட்ட கதை இது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கதை சுருக்கமானது. போம்கார்த் என்னும் இளம் மருத்துவருக்கு, உடன் பயின்ற போலியகோவிடமிருந்து உதவி கோரி ஒரு கடிதம் வருகிறது. மறுநாள் புறப்படலாம் என்று எண்ணியிருக்கையில், அன்றிரவே போலியகோவைக் குற்றுயிராகக் கொண்டுவருகிறார்கள். தன்னைத் தானே சுட்டுக்கொண்டவன் அவன். இறக்குமுன் தன் நாட்குறிப்பை நண்பனிடம் ஒப்படைக்கிறான். எஞ்சிய கதை அந்த நாட்குறிப்பே. காதலித்த பாடகி பிரிந்து போன துயரில், பனி மூடிய சிற்றூர் மருத்துவமனையில் தனித்திருந்த போலியகோவுக்கு 1917 பிப்ரவரியில் ஒருநாள் கடும் வயிற்றுவலி. வலி தணியச் செவிலி அன்னா மார்ஃபின் ஊசி போடுகிறாள். வலி தீர்ந்தது, கூடவே துயரும் மறைந்தது. அடுத்த நாள் வலி இலேசாக இருந்தபோதே ஊசி தேவைப்பட்டது. அன்று தொடங்கிய வழுக்கல் ஓராண்டுக்குள் அவனைக் குழியில் இறக்கிவிட்டது.

இக்கதையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதல் ஊசியையோ முடிவையோ பற்றியே பேசுவர். என் கருத்து வேறு. கதையின் உயிர்நிலை, 1917 நவம்பர் 14 ஆம் நாளிட்ட குறிப்பில், மாஸ்கோ சிகிச்சை மனையின் பேராசிரியருக்கும் போலியகோவுக்கும் நடக்கும் சிறு உரையாடலில்தான் இருக்கிறது. இரண்டு மாதம் முழுவதும் தங்கிச் சிகிச்சை பெறுவேன், என்னை நீங்கள் தடுத்து வைக்கலாம் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே சேர்ந்தவன் அவன். இரண்டு வாரங்களில் வெளியேறிவிட்டான். முறையாக விடைபெற்றும் அன்று. தன் சொந்த உடையைத் தானே திருடிக்கொண்டு, மருத்துவமனைச் சட்டையோடு ஓடினான். மறுநாள் ஊசி போட்டுக்கொண்டு, தெம்போடு திரும்பி வந்து சட்டையைக் கொடுக்கிறான். தன் உறுதிச் சீட்டைத் திருப்பித் தரும்படி கெஞ்சுகிறான்.

இங்கே ஆசிரியர் நிகழ்ச்சிகளை அடுக்கியுள்ள வரிசையை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். வெளியேறுவதா, இருப்பதா என்ற பேச்சு, வெளியேறிய பின்னரே நடக்கிறது. அதுவும் ஊசி உடம்பில் ஏறிய பின்னர் நடக்கிறது. முடிவு முந்திவிட்டது, காரணங்கள் பிந்தி வருகின்றன. அக்காரணங்கள் எவை? விடுப்பு முடிந்துவிட்டது என்கிறான். உடல் எவ்வளவோ தேறிவிட்டது என்கிறான். என் இடத்திலிருந்தே சிகிச்சையைத் தொடர்வேன் என்கிறான். வீதிகளில் நடந்த புரட்சிச் சண்டையின் துப்பாக்கி ஓசை என் நரம்புகளைக் குலைத்துவிட்டது என்கிறான். ஒவ்வொன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அதே நாட்குறிப்பில், சில வரிகளுக்கு முன்னால், சண்டை தொடங்குவதற்கு முன்பே ஓடிவிடும் எண்ணம் முதிர்ந்துவிட்டது என்றும், மார்ஃபின் தந்த துணிவினால் எந்தத் துப்பாக்கிக்கும் தான் அஞ்சவில்லை என்றும் அவனே எழுதியிருக்கிறான்! பேராசிரியரிடம் கூறிய காரணத்தை அவன் பேனாவே பொய்யாக்கிவிட்டது. ஆசிரியர் இதைச் சுட்டிக்காட்டி ஒரு சொல்லும் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். கண்ணுள்ளவன் காண்பான்.

போலியகோவ் பொய்யன் என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. அவன் அந்த நேரத்தில் தன் சொற்களை நம்பியே பேசுகிறான். பேசுவது அவன் வாய், பேசவைப்பது வேறொன்று. போதைக்கு ஆட்படுதலை அரபியில் ‘இத்மான்’ என்பர். அதன் வினைச்சொல் ஒன்றை இடைவிடாது தொடர்ந்து செய்தலைக் குறிக்கும். பழக்கம் என்ற நம் சொல்லை விட இது நுட்பமானது. தொடர்வதற்கே காரணம் தேடும் நிலை அது. அறிவு அழிந்து போவதில்லை. அறிவு முழுவதும் அந்தத் தொடர்ச்சிக்கு வேலைக்காரனாகிவிடுகிறது. போலியகோவ் கற்றவன், ஆகவே அவனுடைய காரணங்களும் கற்றவனின் காரணங்களாக இருக்கின்றன.

எனவேதான் அந்த உறுதிச் சீட்டு எனக்கு இக்கதையின் மிகப் பெரிய பொருளாகத் தோன்றுகிறது. ‘ஸப்ர்’ என்ற சொல்லைப் பொறுமை என்று நாம் பெயர்த்துவிடுகிறோம். ஆனால் அதன் வேர்ப்பொருள் கட்டி நிறுத்துதல், தடுத்து வைத்தல் என்பதாகும். வெறுமனே சகித்துக்கொண்டிருத்தல் அன்று. தன்னைத் தான் பிடித்து நிறுத்துதல். தெளிந்த பொழுது ஒன்றில், தெளிவற்ற பொழுது வரப்போகிறது என்று அறிந்து, அதற்கு எதிராகப் போலியகோவ் தன்னைத் தானே கட்டிக்கொண்டான். அந்தச் சீட்டு அவனுடைய நல்ல பொழுதின் கையெழுத்து. அதைத் திருப்பிக் கேட்கும்போது பேராசிரியரிடமிருந்து அவன் விடுதலை பெறவில்லை. தன் நல்ல பாதியிடமிருந்தே விடுதலை பெறுகிறான். மேசையின் பூட்டைத் திறந்து பேராசிரியர் சீட்டை மேசைமேல் எறிகிறார். நடுங்கும் கையால் வாங்கி மறைத்துக்கொள்கிறான். துப்பாக்கி வெடிப்பது மூன்று மாதங்களுக்குப் பின்னர்தான். என்றாலும் கதை இந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது என்பேன்.

பேராசிரியர் பிழையற்றவரா? அல்லர். அவர் உண்மையைச் சொல்கிறார். கண்மணியைப் பார்த்தே அவன் ஊசி போட்டிருப்பதை அறிகிறார். மீண்டும் சேரும்படி அழைக்கிறார். இப்போது போனால் பின்னர் இதைவிடக் கெட்ட நிலையில் வருவாய் என்று எச்சரிக்கிறார். நான் சிறைக்காவலன் அல்லேன் என்று அவர் சொல்வதும் சரியே. ஆனால் அவருடைய இரக்கத்தினூடே இகழ்ச்சி தெரிகிறது. நோயாளி அதைக் கண்டுகொள்கிறான். நோயை ஒப்புக்கொண்டு வந்தவனை இகழும் பார்வை, அவன் போவதற்குத் தேடிக்கொண்டிருக்கும் காரணங்களோடு இன்னொன்றைச் சேர்த்துவிடும். மற்றொரு பிழை இதைவிடப் பெரிது. நீ மருத்துவம் பார்ப்பதே தகாது, உன் பணியிடத்துக்குத் தெரிவிக்காமலிருப்பது குற்றமாகும் என்று அவரே கூறுகிறார். அவன் முகம் வெளிறிக் கெஞ்சியதும், எவரிடமும் சொல்லமாட்டேன் என்று எரிச்சலோடு வாக்களித்து அனுப்பிவிடுகிறார். போலியகோவ் உண்மையில் அஞ்சியது அந்த ஒன்றுக்குத்தான். தன் உடல் அழிவதற்கு அஞ்சாதவன் தன் பெயர் அழிவதற்கு அஞ்சினான். மானத்தைக் காப்பதாக எண்ணி மறைக்கப்பட்ட இரகசியம் அவன் உயிரைக் கொண்டுபோயிற்று. நம் குடும்பங்கள் இந்த இடத்தை இருமுறை படிப்பது நன்று.

போலியகோவின் கூற்றில் நியாயமே இல்லையா என்றால், உண்டு. குளிர்ந்த தாழ்வாரங்களும், எண்ணெய்ச் சாயம் பூசிய வெறுஞ்சுவர்களும், உறக்கமற்ற இரவுகளும், வெந்நீர்க் குளியலுக்காகவும் ஐந்து மில்லிகிராம் ஊசிக்காகவும் காத்துக் கிடந்ததும் அவன் நினைவில் எழுகின்றன. மார்ஃபினைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதர், வதையில்லாமல் அதிலிருந்து மீட்கவும் வழி கண்டுபிடித்தால் என்ன என்று அவன் உள்ளம் கொதிக்கிறது. அந்த முறையீடு நேர்மையானது. மருத்துவ உலகம் அதற்குப் பின்னாளில் விடையும் தந்தது. 1965 இல் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர் மெத்தடோன் மருந்தைக் கொண்டு அபின் இனப் போதைக்கு ஆட்பட்டோரை நிலைப்படுத்தும் முறையை வெளியிட்டனர். பின்னர் புப்ரனார்ஃபின் வந்தது. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005 இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இன்று ஒருவன் போலியகோவைப் போல் வெறும் சுவரைப் பார்த்துத் துடிக்க வேண்டிய கட்டாயமில்லை. துன்பம் தாளவில்லை என்று சிகிச்சையிலுள்ளவர் கூறினால், முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, போகலாமா என்பதன்று. துன்பத்தைத் தணிக்க மருந்துண்டா என்பதே.

இரண்டு வாரம், மூன்று வாரம் என்ற கணக்கிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. அபின் இனப் போதையை விட்டவர்க்கு உடல் வாதை இரண்டு மூன்று நாட்களில் உச்சம் அடைந்து, பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தணிந்துவிடும். பசி திரும்பும், முகம் தெளியும். நோய் தீர்ந்தது என்று அவரும் நம்புவார், வீட்டாரும் நம்புவர். ஆனால் உறக்கமின்மையும், மனச்சோர்வும், உள்ளத்தின் வேட்கையும் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் தொடரும். தங்கிச் செய்யும் சிகிச்சை தொண்ணூறு நாளுக்குக் குறைந்தால் பயனும் குறைவு என்று அமெரிக்க அரசின் போதை ஆய்வு நிறுவனம் கூறுவது இதனாலேயே. இன்னொரு அபாயமும் உண்டு. விட்டிருந்த நாட்களில் உடல் தன் பழைய தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடக்கூடும். பாதியில் வருவது பழைய இடத்துக்குத் திரும்புவதன்று. முன்னை விட ஆபத்தான இடத்துக்கு வருவதாகும்.

இனிக் கதையின் நடுவே மறைந்திருக்கும் முடிச்சுக்கு வருவோம். என் இடத்திலிருந்தே சிகிச்சையைத் தொடர்வேன் என்றானே, அந்த இடம் எது? மருந்து அலமாரியின் சாவி அவன் அதிகாரத்தில் இருக்கும் சிற்றூர் மருத்துவமனை. அவனுக்கு மேலே கேட்பாரில்லை. உடனிருப்பவள் அவன் மீது கொண்ட அன்பினால் மறுத்தும், அழுதும், இறுதியில் மருந்தைக் கரைத்துக் கொடுத்துவிடும் அன்னா. சாவியைக் கொடுக்க மறுத்தபோது அவளிடமிருந்து அதைப் பறித்தவன் அவன். எனவே அவன் சிகிச்சை மனையை விட்டு வீட்டுக்குப் போகவில்லை, அலமாரிக்குப் போகிறான். வெளியேறுவதா வேண்டாமா என்ற வினாவின் உள்ளே இருக்கும் உண்மையான வினா, சாவி யார் கையில் என்பதே.

இதற்குச் சான்று கதைக்கு வெளியேயும் உண்டு. புல்ககோவே மார்ஃபினுக்கு அடிமையாக இருந்தவர். தொண்டையடைப்பான் நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை செய்த பின்னர் தாமே தடுப்பு மருந்து ஏற்றிக்கொண்டு, அதனால் எழுந்த வேதனைக்காக 1917 இல் மார்ஃபின் போட்டுக்கொண்டது தொடக்கம். அவர் மீண்டது சிகிச்சை மனையில் தங்கியன்று. 1918 இல் கீவ் நகரத்து வீட்டில். அப்படியானால் போலியகோவ் சொன்னதும் சரிதானே என்று ஒருவர் வாதிக்கலாம். ஆனால் வேறுபாட்டைக் காண்க. புல்ககோவ் சிற்றூர் அலமாரியை விட்டு விலகி வந்துவிட்டார். அவர் மனைவி தத்தியானா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, மருத்துவரான அவருடைய மாற்றாந்தந்தையின் அறிவுரைப்படி, மருந்தில் வாலைநீரைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வந்து அளவைக் குறைத்தவர் மனைவிதான். ஊசியை நிரப்பும் கை அவருடையதாக இல்லை. வீட்டார்க்கு உண்மை தெரிந்திருந்தது. ஆசிரியர் எந்தச் சாவியை விட்டுக்கொடுத்து உயிர் பிழைத்தாரோ, அந்தச் சாவியைத் தன் கதைமாந்தன் கையில் கொடுத்து என்ன ஆகும் என்று எழுதிக் காட்டினார் என்றே இக்கதையை நான் கொள்கிறேன்.

தங்கிவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்வியும் எழும். பிரெஞ்சுக் கவிஞர் ழான் காக்தோ 1928 டிசம்பரில் பாரிசை அடுத்த சேன் கிளூ சிகிச்சை மனையில் சேர்ந்து மறு ஆண்டு ஏப்ரல் வரை தங்கினார். அந்நாட்களின் குறிப்பை ‘அபின்’ என்ற பெயரில் 1930 இல் நூலாக்கினார். மாதக்கணக்கில் தங்கியவர்தான், எனினும் பின்னர் அபினுக்குத் திரும்பினார். நாட்களை எண்ணி முடிப்பது மட்டும் நலமாகிவிடாது. அதனால் நாட்களை எண்ணாமலே போய்விடலாம் என்பதும் ஆகாது.

பாதியில் வெளியேறுவது எப்போதும் தவறா? அன்று. அடிக்கும் இடம், சங்கிலியிடும் இடம், மருத்துவரே எட்டிப் பாராத இடம் என்றால், அங்கிருந்து பிள்ளையை அன்றே அழைத்து வருவது பெற்றோர் கடமை. ஆனால் அது சிகிச்சையை விட்டுப் போவதன்று. சிகிச்சையைத் தேடிப் போவது. வேறு மருத்துவர், வேறு மனை, நாள் குறித்த அடுத்த சந்திப்பு இவை கையில் இருக்க வேண்டும். போலியகோவிடம் இவற்றுள் எதுவும் இல்லை.

கதையில் குறையும் உண்டு. அன்னா என்னும் பெண்ணை அவன் கண் வழியாக மட்டுமே காண்கிறோம். அவள் நெஞ்சம் நமக்குத் திறக்கப்படவில்லை. அவளிடம் பிப்ரவரி நடுவில் சிகிச்சைக்குப் போவேன் என்று சத்தியம் செய்து, அந்நாள் வருமுன்னே அவன் மடிகிறான். அவளுக்குப் பின்னர் நேர்ந்தது என்ன என்று கேட்க வாசகர் மனம் விழைகிறது. மேலும், முறையற்ற உறவும் தற்கொலையும் இடம்பெறும் கதை ஆதலால், இளம் பிள்ளைகள் கையில் தனியே கொடுக்கத் தக்கதன்று. பெரியோர் படித்து, வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து பேசத் தக்கது. இந்நாட்குறிப்பு பயன் தருமா என்று போம்கார்த் கதைக்குள்ளேயே ஐயுற்று, தரும் என்ற முடிவுக்கு வருகிறார். நானும் அம்முடிவையே வழிமொழிகிறேன்.

மறுநாள் அத்தந்தையிடம் கதையின் இந்தப் பகுதியைச் சொன்னேன். “பாய், அழைத்து வருவதா என்பதை நான் சொல்ல முடியாது. அந்த மருத்துவரோடு மகனையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். எங்கே வருகிறான், யாருக்கு உண்மை தெரியும், சாவி யாரிடம் என்று மட்டும் கேளுங்கள்” என்றேன். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, “கல்லாப்பெட்டிச் சாவி அவனிடம்தான் ஹஜ்ரத் இருந்தது. நாங்கள்தான் நம்பிக் கொடுத்திருந்தோம்” என்றார்.

அடுத்த ஜும்ஆவில் அவரைக் கண்டேன். மகனைப் பார்த்து வந்திருந்தார். கடைச் சாவி இனித் தம்பியிடம் இருக்கும், மாமாவுக்கும் செய்தியைச் சொல்லிவிட்டோம் என்றதும், நன்றாகிவிட்டது என்றவன் கோபித்து எழுந்துவிட்டானாம். பிறகு வெகுநேரம் கழித்து, அதுவரை உறக்கம் வருவதே இல்லை என்று தானாகவே மருத்துவரிடம் சொன்னானாம். அதற்கு மருந்து எழுதியிருக்கிறார்கள். அவன் உம்மா அடுத்த வாரம் பார்க்கப் போகிறார். “இன்றைக்கு முப்பதாம் நாள் ஹஜ்ரத்” என்று கூறிவிட்டு அவர் செருப்பைத் தேடிப் புறப்பட்டார்.